பதினோரு விநாடி முழங்கால்

அந்தப் புரோகிராமைப் பத்து முறை ஓட்டிப் பார்த்தாள். பத்து முறையும் பதினோரு விநாடி. பத்தே முக்கால் இல்லை, பதினொன்றே கால் இல்லை. அளந்து வெட்டின மாதிரி பதினொன்று.

அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு என்பது வெறும் உலோகமும் மின்சாரமும்தான் என்றாலும் அதற்கும் ஒரு மூச்சு உண்டு. சூடேறினால் கொஞ்சம் தளரும், விசிறி வேகமெடுத்தால் கொஞ்சம் முந்தும். ஒரே வேலையைப் பத்து முறை கொடுத்தால் பத்து விதமான நேரம் வர வேண்டும். சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில் வந்தால், யாரோ சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

மாநாட்டு மண்டபத்தில் பதிவு மேசைகளுக்குப் பின்னால், நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்றைக் காலி செய்து சரிபார்ப்புக் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. கம்பள வாசனையும் காபி எந்திரத்தின் ஆவியும் கலந்த காற்று. வெளியே எழுநூறு பேர் கழுத்தில் அட்டை தொங்க நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் இந்தக் கார்டுகளைப் பற்றித்தான் பேசினார்கள். கணினி விளையாட்டுகளைத் திரையில் ஓட்டுவதற்காகப் பிறந்த கார்டுகள் அவை. ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குகளை ஒரே சமயத்தில் போட்டு முடிக்கும். இப்போது வானிலை, மருந்து, நிலநடுக்கம் என்று உலகத்துக் கணக்கையெல்லாம் அவற்றின் தலையில் கட்டியாகிவிட்டது. மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் நாற்பது மடங்கு வேகம், தொண்ணூறு மடங்கு வேகம் என்பார்கள். அவர்களுடைய புரோகிராமை வாங்கித் தன் கையால் ஓட்டிப் பார்த்து, சொன்னது சரிதான் என்று முத்திரை தருவது அவள் வேலை.

பன்னிரண்டு வருடமாகச் செய்கிறாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் 'சந்தேகம் மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள் அண்ணன். அந்த வருட மாநாட்டுக்கு அவர்தான் தலைவர்.

இந்த முறை பெரிய விருதுக்கான பட்டியலில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள். நான்கை முடித்துவிட்டாள். ஐந்தாவது ஒரு பேராசிரியரும் அவருடைய ஆராய்ச்சி மாணவியும் சேர்ந்து எழுதியது. விஷயம், மருத்துவமனை ஸ்கேன். ஸ்கேன் எந்திரம் நேரடியாகப் படத்தைத் தருவதில்லை, எண்களைத்தான் தரும். அந்த எண்களைத் திரும்பத் திரும்பச் சலித்துப் படமாக்க வேண்டும். பழைய முறையில் பதினான்கு நிமிடம். இவர்கள் பதினோரு விநாடி என்றார்கள். சில சுற்று மட்டும் கணக்குப் போடுவோம், மிச்சத்தை முன்னால் பார்த்த படங்களிலிருந்து கற்றுக்கொண்டு கார்டே நிரப்பிவிடும் என்று கட்டுரையிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். விபத்தில் அடிபட்டு வருகிறவனுக்குப் பதினான்கு நிமிடம் என்பது சாதாரணமில்லை. உண்மையாக இருந்தால் விருது கொடுக்கலாம்தான்.

உண்மையாக இருந்தால்.

அவள் அவசரப்படவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஓர் இளைஞனுடைய கணக்கு தப்பு என்று அறிக்கை எழுதினாள். அவன் கெஞ்சினான், மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்றான். மறுபடியும் தப்பாகவே வந்தது. ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவளுடைய ஆய்வகக் கார்டில் நினைவகம் பழுது. அவள் திருத்தம் எழுதி வெளியிட்டாள். ஆனால் அதற்குள் அவன் ஆராய்ச்சியே வேண்டாம் என்று போய்விட்டிருந்தான். அன்றிலிருந்து அடுத்தவரைச் சந்தேகப்படுவதற்கு முன் தன்னைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பழக்கம்.

காபி இடைவேளையில் பேராசிரியரைப் பிடித்தாள். வெள்ளைத் தாடியை அழகாகக் கத்தரித்திருந்தார். கையில் எப்போதும் திரையில் சுட்டிக்காட்டுகிற ஒரு லேசர் விளக்கு.

"சார், நீங்க குடுத்த ஸ்கேனை ஓட்டிட்டேன். இப்ப நான் கொண்டுவந்த ஸ்கேனையும் உங்க மெஷின்ல ஓட்டணும்."

"தாராளமா ஓட்டுங்க மேடம்."

"எந்த உறுப்பு, எத்தனை படம்னு கேக்கலியே?"

"எதுவா இருந்தா என்ன? எங்க புரோகிராம் எதையும் சாப்பிடும்." சிரித்துவிட்டு பிஸ்கட் தட்டின் பக்கம் திரும்பிவிட்டார்.

இவ்வளவு சுலபமாக யாரும் சம்மதித்து அவள் பார்த்ததில்லை. நேர்மையானவர்கள்கூட முதலில் கொஞ்சம் முனகுவார்கள். எங்கள் மெஷினுக்கு ஒத்துவருமா, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று நூறு கேள்வி கேட்பார்கள். இவர் கேட்கவே இல்லை.

மாணவியைத் தேடிப் போனாள். சுவரொட்டிக் கூடத்தின் ஓரத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இவள் நிழல் விழுந்ததும் பட்டென்று லேப்டாப்பை மூடினாள்.

"தொந்தரவு பண்ணிட்டேனாம்மா?"

"இல்ல மேடம். சும்மாதான்."

சும்மா இருக்கிறவர்கள் அப்படி மூடமாட்டார்கள். பெண்ணின் காது மடல்கூடச் சிவந்திருந்தது. தன் ஸ்கேன்களை ஏற்றுவதற்கு அவர்கள் மெஷினின் பாஸ்வேர்டு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஆனால் மனதுக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

இரண்டாவது முடிச்சு மாடிப்படியில் விழுந்தது. மின்தூக்கியில் கூட்டமாக இருந்ததால் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கீழ்த் திருப்பத்தில் இரண்டு குரல். ஒன்று பேராசிரியருடையது.

"அவங்க நோண்டுற விதமே சரியில்ல. நாளன்னைக்கு விருது. நடுவுல எதையாவது கிளப்பிவிட்டா என் பேரு என்ன ஆகறது?"

மற்றது அவள் அண்ணன் குரல். "அவளை நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா போய்ப் பேச்சுக்குத் தயார் பண்ணுங்க."

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். காலடிச் சத்தம் கீழே தேய்ந்து மறைகிற வரை நகரவில்லை. சின்ன வயதில் அவளுக்காகப் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட அண்ணன். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது ஆன பிறகும் மழை வந்தால் போன் செய்து, குடை எடுத்துப் போனாயா என்று கேட்கிற அண்ணன். அவரா? பார்த்துக்கொள்வது என்றால் என்ன அர்த்தம்?

மதியம் சாப்பாட்டு மேசையில் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். தட்டில் பாதி காலியாகும் வரை அண்ணிக்குப் பல் வலி, பையனுக்குப் பரீட்சை என்று பேசினார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்.

"அந்த ஸ்கேன் பேப்பர் எந்த மட்டுல இருக்கு?"

"ஏன் கேக்கற?"

"சும்மா."

இன்றைக்கு எல்லோருக்கும் சும்மாதான்.

"முடியல. முடிஞ்சதும் அறிக்கை வரும். அப்பப் படிச்சுக்கோ" என்றாள். அண்ணன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

அன்று மாலைக்குள் அவள் சந்தேகத்துக்கு ஒரு முழு உருவம் வந்துவிட்டது. பேராசிரியர் மெஷினில் நேரத்தைப் பொய்யாகக் காட்ட ஏதோ செய்திருக்கிறார். மாணவிக்குத் தெரியும், பயந்துபோயிருக்கிறாள். அண்ணன் பூசி மெழுகப் பார்க்கிறார். மூன்று பேரையும் ஒரே கயிற்றில் கட்டியாயிற்று. அவிழ்க்க வேண்டியது அந்தப் பதினோரு விநாடியைத்தான்.

மறுநாள் காலை மாணவியைத் தன் அறைக்கே வரவழைத்தாள். நாற்காலியைக் காட்டினாள். சுற்றி வளைக்கவில்லை.

"பத்து தடவை ஓட்டினேன். பத்து தடவையும் ஒரே நேரம். எந்த மெஷினும் அப்படி ஓடாது. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

பெண் விழித்தாள். "மேடம், அது... நான்தான் பூட்டி வச்சேன்."

"எதை?"

"கார்டோட வேகத்தை. சூடானா தானா குறையும், ஆறினா தானா ஏறும். அப்படி விட்டா ஒவ்வொரு தடவையும் வேற வேற நேரம் வரும், நீங்க சந்தேகப்படுவீங்கன்னு நெனச்சேன். அதான் கொஞ்சம் குறைவான வேகத்துல பூட்டி வச்சுட்டேன். ஆறாம் பக்கத்துல அடிக்குறிப்புல கூட எழுதியிருக்கேன்."

அவள் ஆறாம் பக்கத்தைத் திறந்தாள். இருந்தது. எறும்பு எழுத்தில் ஒரு வரி.

"பூட்டை எடுங்க."

மாணவி இரண்டு கட்டளை தட்டினாள். மறுபடி ஓட்டினார்கள். பத்தே கால். பத்தரை. ஒன்பதே முக்கால். பத்து. மூச்சு விட்டது கார்டு. போதாததற்கு இன்னும் வேகமாகவே ஓடியது.

பிறர் நம்ப வேண்டும் என்பதற்காக ஒரு பெண் தன் வெற்றியையே கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கிறாள். அதையே குற்றமாகப் பிடித்துக்கொண்டு இவள் ஒரு நாள் முழுக்கத் தொங்கியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"நேத்து என்னைப் பாத்ததும் லேப்டாப்பை மூடினீங்களே?"

மாணவி தயங்கினாள். "உங்களைப் பத்தித்தான் தேடிப் படிச்சுட்டிருந்தேன் மேடம். நீங்க ஒருத்தரை ஆராய்ச்சியை விட்டே ஓட வச்சவங்கன்னு கூட இருக்கறவங்க சொன்னாங்க. பயமா இருந்துச்சு."

"அது உண்மைதான்" என்று மட்டும் சொன்னாள்.

மாணவி மறுபடி பூட்டைப் போட்டுவிட்டுப் போன பிறகு, தான் கொண்டுவந்திருந்த மூன்று ஸ்கேன்களையும் ஓட்டினாள். இரண்டு, மருத்துவமனைகளில் எந்திரத்தைச் சோதிக்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளுடையது. மூன்றாவது அவள் கணவனுடைய முழங்கால். அவள் ஆய்வகமும் ஒரு மருத்துவமனையும் சேர்ந்து செய்த சோதனை ஒன்றுக்குப் போன வருடம் அவர்தான் தானாக முன்வந்து காலை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதப் படிவமும் இருந்தது.

மூன்று படமும் பளிச்சென்று வந்தன. பழைய முறைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது சொச்சம் சதவீதம் ஒற்றுமை. புள்ளி புள்ளியாக இரைச்சல் இல்லை, எலும்பின் விளிம்பு பேனாவால் வரைந்த மாதிரி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. முத்திரைக்கான படிவத்தைத் திறந்தாள். நேற்று முழுக்கச் சந்தேகப்பட்டதற்குப் பிராயச்சித்தம் மாதிரி நாலு நல்ல வார்த்தையும் சேர்த்து எழுதத் தொடங்கினாள்.

நடுவில் ஒரு விளையாட்டு எண்ணம். முழங்கால் படத்தைக் கணவனுக்கு அனுப்பினாள். 'உங்க முழங்கால், பதினோரு செகண்ட்ல.'

ஐந்து நிமிடம் கழித்துப் போன் வந்தது. கணவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் பட்டறை வைத்திருக்கிறார். பின்னால் அரைக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரோட முழங்கால் இது?"

"உங்களோடதுதான். வேற யார் கால் என்கிட்ட இருக்கு?"

"விளையாடாத. இவ்வளவு நல்ல முழங்காலா இருந்தா நான் எதுக்கு வருஷக்கணக்கா நொண்டறேன்? கல்லு எங்க?"

"என்ன கல்லு?"

"அதாம்மா, எலும்புத் துண்டு. உள்ள மிதக்குதுன்னு டாக்டர் காட்டினாரே, மிளகு சைஸ்ல. படியேறும்போது திடீர்னு கால் மடங்காம நின்னுடுமே, அது. நீ அனுப்பின படத்துல அந்த இடம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"சரியாப் பாத்தீங்களா?"

"நான் நாள் பூரா பல்லுல முடி கனத்துக்கு விரிசல் தேடறவன். எனக்கே கண்ணு சரியில்லங்கறியா?"

அவள் பழைய முறைப் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தாள். பழைய படம் மங்கல், தூவல் தூவலாக இரைச்சல். அதற்கு நடுவே மூட்டின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் துணுக்கு. புதிய படத்தில் அதே இடத்தில் வழவழப்பான சாம்பல் நிறம். ஒன்றுமே இல்லை. கணக்கில் குறைந்த அந்தச் சொச்சம் இங்கேதான் இருந்தது.

கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள், மனிதர்களைச் சந்தேகப்பட்டாள், அண்ணனைக்கூட விடவில்லை. படத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அழகாக இருந்தது என்கிற ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டாள்.

உடனே அடுத்த சந்தேகம் தன் மேல். தான் அனுப்பிய கோப்பு கெட்டுப்போயிருந்தால்? படிவத்தை மூடி வைத்தாள். ஆய்வகத்தில் இருக்கும் சக ஊழியருக்குப் போன் செய்து, மாணவி கொடுத்த புரோகிராமை அங்கே வேறு கார்டில் ஓட்டச் சொன்னாள். துண்டு இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு கம்பெனி கடைவிரித்து வைத்திருந்த காட்சி மெஷினில் கேட்டு ஓட்டினாள். இல்லை. மண்டபத்தின் இன்னொரு மூலையில் வேறொரு பல்கலைக்கழகத்து நண்பரின் மெஷினிலும் ஓட்டினாள். அங்கேயும் இல்லை.

நாலு மெஷின், நாலிலும் ஆரோக்கியமான முழங்கால்.

மாணவியைத் தேடிக் கண்டுபிடித்து இரண்டு படத்தையும் காட்டினாள். இந்த முறை குற்றம் சாட்டுகிற குரலில் பேசக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"உங்க புரோகிராமுக்குக் கத்துக்குடுக்க எத்தனை பேரோட ஸ்கேன் வச்சீங்க?"

"முப்பது பேர் மேடம்."

"யாரு அவங்க?"

"எங்க டிபார்ட்மென்ட் பசங்க, பொண்ணுங்க. என்னோடதும் இருக்கு."

"அதுல எத்தனை பேருக்கு உடம்புல ஏதாவது கோளாறு?"

மாணவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் இருபது, இருபத்தஞ்சு வயசு மேடம்" என்றாள் கடைசியில். "எல்லாரும் நல்லா இருக்கறவங்க."

அவ்வளவுதான் விஷயம். அந்தக் கார்டு தன் வாழ்நாளில் நோயைப் பார்த்ததே இல்லை. உடம்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முப்பது இளம் உடம்புகள் கற்றுக்கொடுத்ததை வைத்து, பார்க்காத இடத்தையெல்லாம் ஆரோக்கியத்தால் நிரப்பிவிட்டது.

"சாருக்கு இது தெரியுமா?"

"தெரியல. ஒரு தடவை சின்னச் சின்னப் புள்ளி காணாமப் போகுதேன்னு கேட்டேன். இரைச்சல் குறையுது, அது நல்ல விஷயம்தான்னு சொன்னார். நானும் நம்பிட்டேன்." விரலால் கண்ணோரத்தை அழுத்திக்கொண்டாள். "இதை ஏதாவது ஆஸ்பத்திரில வச்சிருந்தா..."

"வைக்கல. அதுக்குள்ள பாத்துட்டோம்" என்றாள் அவள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஜன்னலில்லாத அந்த அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் என்ற முறையில் அண்ணன், பேராசிரியர், அவள், சற்றுத் தள்ளி மாணவி. அவள் இரண்டு படத்தையும் சுவரில் காட்டி, மிளகளவு எலும்புத் துண்டு தொலைந்த இடத்தைச் சுட்டினாள். நேரம் சரி, அதற்கு முத்திரை உண்டு. படம் சரியில்லை, அதற்கு முத்திரை இல்லை என்றாள்.

பேராசிரியர் லேசர் விளக்கை மேசைமேல் உருட்டிக்கொண்டே கேட்டார். "இது யாரோட ஸ்கேன்?"

"என் வீட்டுக்காரரோடது."

"ஓ! அப்ப குடும்பத்து முழங்காலை வச்சு என் பேப்பரைத் தள்றீங்க. அனுமதி இருக்கா?"

அவள் சம்மதப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

"ஒரே ஒரு முழங்கால் மேடம். மூணு வருஷ உழைப்பு. ஒரு மிளகுக்காகவா?"

"முழங்கால்ல அது மிளகு சார். நுரையீரல்ல அதே சைஸ்ல இருந்தா அதுக்குப் பேரு வேற."

"நீங்க இவ்வளவு உறுதியாப் பேசறீங்க" என்று அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "எட்டு வருஷம் முன்னாடி ஒரு பையன் விஷயத்துலயும் இவங்க இதே மாதிரி உறுதியா இருந்தாங்க. அப்பறம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு ஒரே மெஷினை நம்பினேன். அதனாலதான் இன்னைக்கு நாலு மெஷின்ல ஓட்டிட்டு வந்து உக்காந்திருக்கேன். அஞ்சாவது மெஷின் எதுன்னு நீங்களே சொல்லுங்க, அதுலயும் ஓட்டறேன்."

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் மாணவி பக்கம் திரும்பினார்.

"எழுதினது நீங்கதானேம்மா. உங்களுக்கு என்ன தோணுது?"

பேராசிரியர் மாணவியைப் பார்த்த பார்வையில் ஒரு வாக்கியம் முழுக்க இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள், பிறகு தன் லேப்டாப்பைத் திறந்தாள்.

"மதியம் சாப்பிடப் போகல சார். எங்க முப்பது ஸ்கேன்லயும் நானே ஒவ்வொரு சின்னப் புள்ளி வச்சேன். மேடம் காட்டின அதே சைஸ்ல. வச்சுட்டு ஓட்டிப் பாத்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மூணுலதான் புள்ளி தெரியுது. இருபத்தேழுல காணோம்."

பேராசிரியர் விளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என்னைக் கேக்காம ஏன் ஓட்டின?" என்று மட்டும் கேட்டார். மாணவி தலை குனியவில்லை. அவர் எழுந்துபோனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பது கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாததை அறிக்கையில் எழுதுவதில்லை என்று வைத்திருந்தாள்.

மாணவியும் போன பிறகு அண்ணன் நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளால் அடக்க முடியவில்லை.

"நேத்து மாடிப்படில நீ அவர்கிட்டச் சொன்னதைக் கேட்டேன். அவளை நான் பாத்துக்கறேன்னு சொன்ன."

"கேட்டியா?" அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதான் சாப்பாட்டுல அப்படி முறைச்சியா? நான் அண்ணி ஏதாவது போட்டுக் குடுத்துட்டாளோன்னு நெனச்சேன்."

"பேச்சை மாத்தாத."

"அந்த ஆள் உன்னைக் குழுவுலேருந்தே தூக்கச் சொன்னாரு. முடியாதுன்னா நேராப் போய் மத்தவங்ககிட்டப் பேசுவாரு, ஆள் சேப்பாரு. அதான் நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பிச்சேன். அவர் வாயை மூடத்தான் சொன்னேன், உன் வாயை மூட இல்ல. உன் வாயை மூட என்னால என்னைக்கு முடிஞ்சிருக்கு?"

"அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ பதறி, ஒழுங்கா பாக்க வேண்டியதையும் விட்டுடுவ. இல்லன்னா அந்த ஆள் மேல கோவத்துல பாப்ப. ரெண்டும் தப்பு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்னையே சந்தேகப்பட்டியா?"

"ஒரு நாள் முழுக்க."

அண்ணன் சிரித்தார். முழுதாகச் சிரிக்கவில்லை. அவருக்கு அது உள்ளே எங்கோ தைத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. காபி எந்திரத்திலிருந்து ஒரு கோப்பை பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் குடித்தார்.

மூன்றாம் நாள் பெரிய விருது வேறொரு கட்டுரைக்குப் போனது. ஆனால் ஸ்கேன் கட்டுரைக்கு ஒதுக்கிய பேச்சு நேரம் அப்படியே இருந்தது. பேராசிரியர்தான் பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. மேடையில் ஏறியது மாணவி. பேராசிரியர் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். அவரே மாணவியைப் பேசச் சொன்னாரா, மாணவி தானாக ஏறினாளா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் பத்து நிமிடம் அந்தப் பெண் வேகத்தைப் பற்றிப் பேசினாள். நன்றாகப் பேசினாள். பிறகு இரண்டு முழங்கால்களைத் திரையில் போட்டாள்.

"இடது பக்கம் இருக்கறது பதினாலு நிமிஷம் எடுத்த படம். வலது பக்கம் எங்களோடது, பதினோரு செகண்ட். எது நல்ல முழங்கால்?"

கூட்டம் வலது பக்கம் என்று முணுமுணுத்தது. சிலர் கையைக்கூடத் தூக்கினார்கள்.

"நானும் அப்படித்தான் மூணு வருஷம் நெனச்சேன்" என்றாள் மாணவி. எலும்புத் துண்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வந்தது. பிறகு புள்ளி வைத்துப் பார்த்த முப்பது ஸ்கேன், அதில் தொலைந்த இருபத்தேழு. எதையும் மறைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், சுற்றிலும் லேப்டாப்பில் தலை கவிழ்த்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்வதைப் பார்த்தாள்.

கேள்வி நேரத்தில் மூன்று பேர் எழுந்து, தங்களுடைய புரோகிராமும் இதே மாதிரி கற்றுக்கொண்டதுதான் என்றார்கள். எங்களுடையதில் புள்ளி வைத்துப் பார்க்கவில்லை என்று ஒருவர் சொன்னபோது அவர் குரல் இறங்கியது.

கைதட்டல் பெரிதாக இல்லை. ஆனால் கூட்டம் கலையவும் இல்லை. மேடையைச் சுற்றி நின்றவர்களிடமிருந்து விடுபட்டு அந்தப் பெண் கடைசி வரிசைக்கு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. வந்ததும் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள்.

"மேடம், உடம்பு சரியில்லாதவங்க ஸ்கேன் எங்க கிடைக்கும்?"

"ஆஸ்பத்திரில."

"விளையாடாதீங்க. எனக்கு நூறு பேர் வேணும். வயசானவங்க, அடிபட்டவங்க, கட்டி இருக்கறவங்க. அப்பறம் மறுபடி முதல்லேருந்து கத்துக்குடுக்கணும். பதினோரு செகண்ட் இருபதா ஆனாலும் பரவாயில்ல."

"உங்க சார் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்கலன்னா வேற சார் பாக்கணும்" என்றாள். சொன்ன பிறகு பயந்த மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தன் ஆய்வகத்தோடு வேலை செய்த மருத்துவமனையில் யாரிடம் கேட்க வேண்டும், யார் கையெழுத்து வேண்டும், நோயாளியின் பெயரை எப்படி நீக்க வேண்டும், எந்தக் குழு எத்தனை மாதம் இழுத்தடிக்கும் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். மாணவி எழுதிக்கொண்டாள். ஊழியர்கள் வந்து முன்வரிசை நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கத் தொடங்கினார்கள். கடைசி வரிசைக்கு அவர்கள் வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. எழுந்து நாற்காலிகளைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுவரோரம் நின்றபடியே எழுதி முடித்தார்கள்.